கிராங்க் புல்லியை வீட்டிலேயே மாற்றலாம்... ஆனா, அந்த ஒரு போல்ட்டைக் குறைச்சு எடை போடாதீங்க!

காரை ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்குள்ளே 'கிரீச்'னு ஒரு சத்தம். பெல்ட் பழசாகிடுச்சுபோலன்னு புது பெல்ட் மாட்டுறீங்க. ஒரு வாரம் அமைதி. அப்புறம் மறுபடியும் அதே 'கிரீச்'. கூடவே சிக்னலில் நிற்கும்போது 'தடதட'ன்னு ஓர் அதிர்வு வேற. இப்படி நடந்தால், பிரச்னை பெல்ட்டில் இல்லாமல் அதைச் சுழற்றும் கிராங்க் புல்லியில் இருக்கலாம்.

இதை வீட்டிலேயே மாற்ற முடியுமா? முடியும். ஒரு சக்கரம், ஒரு பெல்ட், ஒரு போல்ட்... பல கார்களில் கழற்ற வேண்டியது இவ்வளவுதான். ஆனால், அந்த ஒரு போல்ட்டைச் சரியான அளவுக்கு முறுக்காமல் விட்டால் இன்ஜினே காலியாகலாம். இந்த வேலையில் கழற்றுவதைவிட, திரும்ப மாட்டுவதுதான் முக்கியம்.

புல்லிக்குள்ளே ரப்பர் எதுக்கு?

பிஸ்டன்கள் மேலும் கீழும் போய்வருவதைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க்‌ஷாஃப்ட். அதன் முனையில் இருப்பதுதான் கிராங்க் புல்லி. இது பெல்ட்டைச் சுழற்ற, பெல்ட் ஆல்டர்நேட்டரையும் ஏசி கம்ப்ரஸரையும் ஓட்டும். பல கார்களில் வாட்டர் பம்ப்பும் இதே பெல்ட்டை நம்பித்தான் இருக்கிறது.

இன்னொரு வேலையும் இதற்கு உண்டு. சிலிண்டரில் பெட்ரோல் எரியும் ஒவ்வொரு முறையும் கிராங்க்‌ஷாஃப்ட் மிகமிக லேசாக முறுக்கிக்கொண்டு மீளும். நான்கு சிலிண்டர் இன்ஜின் 3,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது, நொடிக்கு 100 முறை இந்த உதை விழுகிறது. அந்த அதிர்வைத் தாங்கிக்கொள்ளத்தான் பல புல்லிகளில் உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே ஒரு ரப்பர் வளையம் வைத்திருப்பார்கள். இரும்பு லேசில் தேயாது. ஆனால் சூடு, எண்ணெய், வயது மூன்றும் சேர்ந்து ரப்பரைக் கெடுத்துவிடும்.

புல்லி போயிடுச்சுன்னு எப்படித் தெரியும்?

* இன்ஜின் ஓடும்போது, தள்ளி நின்று டார்ச் அடித்துப் பாருங்கள். புல்லி தள்ளாடிச் சுற்றினால் சந்தேகமே வேண்டாம்.
* பெல்ட்டின் ஓரம் மட்டும் நூல் நூலாகப் பிரிந்திருக்கும்.
* ரப்பரில் வெடிப்பு தெரியும், அல்லது வெளியே பிதுங்கி நிற்கும்.
* டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரியும். இன்ஜின் சூடும் ஏறினால் வண்டியை ஓரங்கட்டி உடனே நிறுத்துங்கள்.

செலவே இல்லாத ஒரு டெஸ்ட்டும் இருக்கிறது. இன்ஜின் ஆஃபில், ஆறியிருக்கும்போது, புல்லியின் உள்வளையத்திலிருந்து வெளிவளையம் வரை வொயிட்னரால் ஒரே நேர்கோடு போடுங்கள். சில நாள்கள் வண்டியை ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால், ரப்பரின் பிடி விட்டுவிட்டது என்று அர்த்தம்.

வாங்கும்போது கவனிங்க

ஆர்சியில் இருக்கும் சேஸிஸ் நம்பரைக் காட்டி ஸ்பேர் பார்ட்ஸ் வாங்குங்கள். ஒரே மாடலில்கூட ஆண்டுக்கு ஆண்டு புல்லி மாறலாம். புதுப்பேட்டை மாதிரியான பழைய பார்ட்ஸ் சந்தைகளில் கதவோ, பம்பரோ வாங்கலாம். ஆனால் புல்லி வேண்டாம். வெளியே பளபளன்னு இருந்தாலும் உள்ளே ரப்பரின் வயது தெரியாது. புல்லியோடு சேர்த்து புது போல்ட்டும் கேளுங்கள். பல இன்ஜின்களில் இந்த போல்ட் முறுக்கும்போது இழுபட்டு நீளும் வகை. அதை ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும்.

வேலைக்கு முன்னாடி... உயிர் முக்கியம் பாஸ்!

சமமான, கெட்டியான சிமென்ட் தரைதான் வேண்டும். மண் தரை, சாய்வான பார்க்கிங் ரெண்டுமே கூடாது. இன்ஜின் முழுசாக ஆறட்டும். ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள்.

காரோடு வரும் ஜாக்கி, டயர் மாற்ற மட்டும்தான். அதை நம்பிக் கையையோ தலையையோ காருக்கு அடியில் நீட்டாதீர்கள். ஜாக்கியால் தூக்கியதும், ஓனர்ஸ் மேனுவலில் காட்டியிருக்கும் இடத்தில் ஜாக் ஸ்டாண்டு கொடுத்து, காரின் எடையை அதன் மேல் இறக்குங்கள். காரை லேசாக அசைத்துப் பார்த்து, அசையாமல் நின்றால் மட்டும் வேலையைத் தொடங்குங்கள். ஸ்டாண்டு இல்லையா? இன்னிக்கு வேலையும் இல்லை. செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் ஸ்டாண்டு ஆகாது. ஒரு நொடியில் நொறுங்கிவிடும்.

லுங்கி, துப்பட்டா, கைக்கயிறு, மோதிரம் எதுவும் வேண்டாம். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். யாராவது தெரியாமல் சாவி போட்டாலும் இன்ஜின் சுற்றாது.

கழற்றும் வரிசை

1. முன்சக்கர டிரைவ் கார்கள் பெரும்பாலானவற்றில் புல்லி, வலது முன்சக்கரத்துக்கு உள்பக்கம் இருக்கும். காரைத் தூக்கும் முன்பே சக்கர நட்டுகளை லேசாகத் தளர்த்திக்கொள்ளுங்கள். பிறகு சக்கரத்தையும், அதன் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பையும் கழற்றுங்கள்.

2. பெல்ட் எந்தப் புல்லிக்கு மேலே, எதற்குக் கீழே போகிறது என்று போனில் நாலு கோணத்தில் போட்டோ எடுங்கள். 'ஞாபகம் இருக்கும்'னு நினைப்போம்... இருக்காது! அப்புறம் டென்ஷனரைத் தளர்த்தி பெல்ட்டை எடுங்கள்.

3. இப்போது நம்ம ஹீரோ, நடு போல்ட். நீங்கள் திருப்பினால் இன்ஜினும் சேர்ந்து சுற்றும். அதனால் புல்லியைப் பிடித்து நிறுத்த உங்கள் இன்ஜினுக்கான ஹோல்டர் டூல்தான் சரியான வழி. வாடகைக்குக் கிடைத்தால் போதும். மேனுவல் கியர் காரில், டாப் கியர் போட்டு ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிப்பதும் உண்டு. நீங்கள் காருக்கு அடியில் போகாமல், பக்கவாட்டில் உட்கார்ந்துதான் நீளமான கைப்பிடியை இழுக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் காரில் இந்த வழி உதவாது.

ஸ்பேனரைத் தரையில் முட்டுக்கொடுத்து, ஸ்டார்ட்டரைத் தட்டி போல்ட்டை விடுவிக்கும் 'ட்ரிக்' வீடியோக்கள் நிறைய இருக்கும். செய்யாதீங்க. ஸ்பேனர் நழுவினால் எங்கே பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எதிர்த்திசையில் சுற்றும் சில பழைய ஹோண்டா இன்ஜின்களில் இப்படிச் செய்தால் போல்ட் இன்னும் இறுகத்தான் செய்யும்.

4. போல்ட் வந்த பிறகும் புல்லி வராமல் அடம்பிடித்தால், புல்லர் டூலை உள்வளையத்தில் இருக்கும் மரைத் துளைகளில் மாட்டி இழுங்கள். வெளிவளையத்தைப் பிடித்து இழுத்தால் ரப்பர் பிய்ந்துவிடும். சுத்தியலால் தட்டுவதும், ஸ்க்ரூடிரைவரால் நெம்புவதும் பின்னால் இருக்கும் ஆயில் சீலையும் டைமிங் கவரையும் பதம் பார்த்துவிடும்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க

புல்லி வந்ததும் ஷாஃப்ட் முனையைத் துடைத்துவிட்டு மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஆயில் சீலில் கசிவு இருக்கிறதா? ஷாஃப்ட்டில் இருக்கும் சின்ன இரும்பு 'கீ' நசுங்காமல் இருக்கிறதா? அது உட்காரும் பள்ளம் அகன்றிருக்கிறதா? கீயோ பள்ளமோ சேதமாகியிருந்தால் புதுப் புல்லியை மாட்டாதீர்கள். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

சில இன்ஜின்களில் இந்தக் 'கீ'யே கிடையாது. சென்னையை அடுத்த மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு எக்கோஸ்போர்ட்டின் 1.0 லிட்டர் எக்கோபூஸ்ட் இன்ஜின் அப்படிப்பட்டதுதான். இந்த வகையில் போல்ட்டின் இறுக்கம்தான் டைமிங்கையே பிடித்து வைத்திருக்கும். ஸ்பெஷல் லாக் டூல் இல்லாமல் போல்ட்டைத் தளர்த்தினால் டைமிங் போய்விடும். அதனால் உங்கள் இன்ஜினில் 'கீ' இருக்கிறதா என்பதை, ஸ்பேனரைத் தொடும் முன்பே ரிப்பேர் மேனுவலிலோ சர்வீஸ் சென்டரிலோ உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லை என்றால், இது வீட்டு வேலை இல்லை.

மாட்டுவதுதான் மெயின் மேட்டர்!

சீல் உரசும் இடத்தில் மட்டும் துளி இன்ஜின் ஆயில் தடவி, கீயும் பள்ளமும் நேராக வரும்படி புல்லியைக் கையால் தள்ளுங்கள். போல்ட்டை முதலில் கையாலேயே சில சுற்று திருகுங்கள். கோணலாக ஏறினால் மரை கெட்டுவிடும். மரைக்கு ஆயில் போட வேண்டுமா, போடக் கூடாதா என்பதும் மேனுவலில் இருக்கும். அதை மாற்றினால் இறுக்கத்தின் கணக்கே மாறிவிடும்.

அடுத்து டார்க் ரென்ச். ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் 15 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்கு விசை, சுமார் 150 நியூட்டன் மீட்டர். இன்ஜினைப் பொறுத்து இந்த போல்ட்டுக்கு 100 முதல் 200 நியூட்டன் மீட்டரைத் தாண்டியும் தேவைப்படலாம். சில கார்களில் குறிப்பிட்ட அளவு முறுக்கிவிட்டு, அதற்குமேல் 90 டிகிரி திருப்பச் சொல்வார்கள். போல்ட் தலையிலும் புல்லியிலும் வொயிட்னரால் கோடு போட்டுக்கொண்டால் அந்தக் கால் வட்டத்தைத் தவறாமல் அளக்கலாம். உங்கள் இன்ஜினுக்கான எண் எதுவோ, அது மட்டும்தான் சரி. பக்கத்து வீட்டு அண்ணன் கார் எண் உங்களுக்கு ஆகாது. இம்பாக்ட் கன்னைக் கழற்றப் பயன்படுத்தலாம். கடைசி இறுக்கத்துக்கு வேண்டவே வேண்டாம்.

இறுக்கம் குறைந்தால் என்ன ஆகும்? முதல் நாள் ஒன்றும் தெரியாது. அதுதான் ஆபத்து. புல்லி மெதுவாக ஆட ஆரம்பிக்கும். ஆட ஆட, பள்ளம் அகலும். ஒருநாள் ஹைவேயில் கீ உடையும். பல இன்ஜின்களில் டைமிங் சக்கரமும் இதே போல்ட்டின் பிடியில்தான் இருக்கிறது. அது நழுவினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். மிச்சம் பிடித்த லேபர் கூலியெல்லாம் அப்புறம் ஒரு கணக்கே இல்லை.

முடிக்கும் முன்...

போட்டோவைப் பார்த்து பெல்ட்டை மாட்டுங்கள். ஸ்பேனரால் இன்ஜினை, அது ஓடும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். எங்கேயும் இடிக்கக் கூடாது. போல்ட்டில் சாக்கெட் மாட்டியபடியே இருக்கிறதா, கொண்டு வந்த டூல்ஸ் எல்லாம் எண்ணிக்கை சரியா என்று பார்த்துவிட்டு, மறைப்பையும் சக்கரத்தையும் மாட்டிக் காரை இறக்குங்கள். சக்கர நட்டுகளையும் முழுசாக இறுக்குங்கள். பிறகு பேட்டரியை இணைத்து, இன்ஜினை ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். தள்ளாட்டம் இல்லை, சத்தம் இல்லை, பேட்டரி விளக்கும் எரியவில்லை என்றால் வேலை முடிந்தது. அடுத்த சில நாள்களுக்கு பெல்ட் நேராக ஓடுகிறதா, எண்ணெய் கசிகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

ஜாக் ஸ்டாண்டு, டார்க் ரென்ச், உங்கள் இன்ஜினுக்கான முறுக்கு எண்... இந்த மூன்றும் கையில் இருந்தால் தைரியமாக இறங்குங்கள். ஒன்று குறைந்தாலும் காரை மெக்கானிக்கிடம் விடுங்கள். அப்போதும் அவரிடம், 'அண்ணே, இந்த போல்ட்டை எவ்வளவு டார்க்குல இறுக்குறீங்க?'ன்னு கேளுங்க. கேட்கத் தெரிந்தாலே, இந்த வேலையில் பாதி உங்களுக்குத் தெரிந்த மாதிரிதான்!