புதுப்பித்த பின்னும் வாழும் பழமை

1969இல் பெல் ஆய்வுகூடத்தில் தொடக்கம்பெற்ற யுனிக்ஸ் முறைமையில் கோப்பின் பெயர் வேறு. அதன் உள்ளடக்கம் வேறு. பெயர் நீக்கப்பட்டாலும், கோப்பைத் திறந்துவைத்துள்ள சேவை ஓயும்வரை உள்ளடக்கம் அழிவதில்லை. ஆகவே, சேவைகளை நிறுத்தாமலே மென்பொருட்பொதிகளைப் புதுப்பித்தல் இயல்வதாயிற்று. ஆயின், இயங்கும் சேவையோ பழைய நிரல் நூலகத்தையே நினைவகத்திற் கொண்டிருக்கும்.

இதன் ஆபத்தை 2014 ஏப்பிரலில் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீட்' வழு உணர்த்திற்று. ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் இருந்த அவ்வழு, சேவையகத்தின் இரகசியச் சாவிகளையும் கசியச் செய்ய வல்லது. திருத்திய பொதியை நிறுவிய பின்னரும், மீளத் தொடங்கப்படாத சேவைகளில் அது நீடித்தது.

லினக்ஸ் முறைமை, ஒவ்வொரு சேவையும் பற்றியுள்ள கோப்புகளைப் பட்டியலிட்டு, நீக்கப்பட்டவற்றை அவ்வாறே குறித்துக் காட்டும். அக்குறிப்பைத் தேடியே டெபியனின் 'செக்ரீஸ்டார்ட்', பின்வந்த 'நீட்ரீஸ்டார்ட்' ஆகிய கருவிகள் மீளத் தொடங்கவேண்டியவற்றை இனங்காண்கின்றன. நிறுவுதலோடு திருத்தம் முடிவதில்லை. பழையது ஓய்ந்தபோதே அது நிறைவுறும்.