கிராமத்துக் கணினியும் கோயிலின் இரண்டு வாசலும்

"செய்தி என்றால் காசு" என்பதை எங்கள் நாமக்கல் பக்கம் யாருக்கும் பாடம் நடத்திச் சொல்ல வேண்டியதில்லை. முட்டை விலை ஒன்றே போதும். ஒரு காலத்தில் வியாபாரி சொன்னதுதான் விலை. டாக்டர் பி.வி.ராவ் முயற்சியில் 1982இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவான பிறகு, மண்டலவாரியாக விலை அறிவிக்கும் முறை வந்தது. அந்த எண்ணைத் தெரிந்துகொண்டு பண்ணைக்காரர் வியாபாரியிடம் பேரம் பேச முடிந்தது.

சரி, பக்கத்துக் காட்டில் மரவள்ளி போட்டவருக்கு? சேலத்தில் 1981இல் தொடங்கிய சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பு ஜவ்வரிசியை ஏலம் விடுகிறது. அது ஆலைக்காரர்களின் சங்கம். ஏல விலை அவர்களுக்கு முதலில் தெரியும். கிழங்கு பிடுங்கி விற்பவருக்கு அது சுற்றி வளைத்துத்தான் வந்து சேரும்.

ஆக, தகவல் இருக்கிறதா என்பது மட்டும் கேள்வி இல்லை. அது யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்பதும் கேள்வி. கிராமத்துக்குச் செய்தி வந்த வரலாற்றை இந்தக் கேள்வியோடு படித்துப் பார்ப்போம்.

முதலில் வந்தது வானொலி. சென்னை நிலையம் 1938இல் தொடங்கியது, திருச்சி நிலையம் 1939இல். வீட்டில் ரேடியோ பெட்டி வாங்க வசதியில்லாத காலத்தில் பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. ஒரு பெட்டி, ஒரு குழாய் ஒலிபெருக்கி. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் காதில் விழும். 1960களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வந்தபோது, திருச்சி வானொலி அதைத் தஞ்சை விவசாயிகளிடம் கொண்டுசேர்த்தது. ஆராய்ச்சி நிலையம் வைத்த பெயரை விட்டுவிட்டு, மக்கள் அதை "ரேடியோ நெல்" என்றே அழைத்தார்கள்!

அடுத்து கணினி. 1998இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், புதுச்சேரிக்குப் பக்கத்தில் வில்லியனூரை மையமாக வைத்து, கிராமங்களில் தகவல் மையங்களைத் திறந்தது. கருவிகளை நிறுவனம் தரும். இடமும் தன்னார்வலர்களும் ஊர் தர வேண்டும். மின்சாரம் அடிக்கடி போகும் என்பதால் சூரிய ஒளி மின்கலங்களும் வைத்தார்கள்.

எம்பலம் என்ற ஊர் கொடுத்த இடம் கோயில் கட்டடம். தலித்துகளும் மாதவிலக்கில் இருக்கும் பெண்களும் அந்தக் கோயிலுக்குள் போக முடியாது. ஆனால் பொதுச் சேவையில் பாகுபாடு கூடாதே. முடிவில் ஒரே கட்டடத்துக்கு இரண்டு வாசல். ஒன்று சாமிக்கு, பழைய விதிகளோடு. மற்றொன்று கணினிக்கு, எல்லோருக்கும். அந்த இரண்டாம் வாசல் இல்லாவிட்டால், ஊருக்குக் கணினி வந்தும் ஊரில் பாதிப் பேருக்கு வந்திருக்காது.

மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில் இன்னொரு வழி. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கடலுக்குப் போகிறவர் கணினியைத் தொடக்கூட வேண்டியதில்லை. பஞ்சாயத்து ரேடியோவும் இணையமும் கைகோத்த இடம் அது. 2004 டிசம்பர் 26 அன்று இதன் அருமை தெரிந்தது. சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் நல்லவாடு கிராமத்துக்குத் தொலைபேசியில் எச்சரிக்கை சொல்ல, அங்கிருந்த மையத்தின் ஒலிபெருக்கி ஊரை எழுப்பி வெளியேற்றியது.

மதுரை மாவட்டம் மேலூரில் 2001இல் தொடங்கிய முயற்சி வேறு மாதிரி. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லா இணைப்பு. ஊர்க்காரரே முதல் போட்டு நடத்தும் இணைய மையம். கண் படங்களை அரவிந்த் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். தாலுகா அலுவலகச் சான்றிதழுக்கும் அங்கிருந்தே விண்ணப்பித்தார்கள். ஆனால் ஆதரவு தந்த அதிகாரிகள் மாறியதும் அரசு சேவை தளர்ந்தது. வருமானம் குறைந்து பல மையங்கள் மூடப்பட்டன. வணிகவியல் மாணவனாகப் பார்த்தால் காரணம் எளிது. முதல் போட்டவர் கடைக்காரர். விற்க வேண்டிய சரக்கோ அரசு அலுவலகத்தின் கையில்!

மேலூர் மையங்களை ஆராய்ந்த ராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் இருவரும் 2006இல் எழுதிய கட்டுரையில் முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்கு அருகில் மையம் இருந்தால், அவர்கள் வருவது கூடியது. எம்பலம் சொன்ன அதே பாடம்.

இன்று எல்லாம் கைபேசிக்குள் வந்துவிட்டது; வாசல் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறோம். தீரவில்லை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியக் கிராமங்களில் ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் 48.7 சதவீதம், பெண்கள் 24.6 சதவீதம். வீட்டில் ஒரு போன் இருந்தால் அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், இல்லையென்றால் அண்ணன் கையில் இருக்கும். 2020இல் பள்ளிகள் மூடியபோது, 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி பல பிள்ளைகளுக்குக் கைகொடுத்ததற்குக் காரணம் இதுதான். டிவி நடுவீட்டில் இருக்கிறது, போன் ஒருவர் சட்டைப்பையில் இருக்கிறது.

எனவே அடுத்த முறை "எங்கள் கிராமத்துக்கு இணையம் வந்துவிட்டது" என்று யாராவது சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த வாசல் வழியாக?