பீடமும் அதிகாரமும்

ஆவுடையார்கோவில் கருவறையில் லிங்கம் இல்லை, ஆவுடையார் மட்டும்தான். அருவத்தை வணங்குகிறோம் என்பது சைவ விளக்கம். அதோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் மொழி விஷயத்தில் நாம் பீடத்தை மட்டும் காத்துவிட்டு, அதன்மேல் வந்து உட்காரும் அதிகாரத்தைப் பார்க்கத் தவறினோமோ என்ற சந்தேகம் உண்டு.

1965 தொடக்கத்தில் இந்தியை எதிர்த்து இளைஞர்கள் தீக்குளித்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். சுட்டது பக்தவத்சலம் அரசின் போலீஸ்; தமிழ் பேசிய போலீஸ். 1967இல் வாக்காளர்கள் அந்த அரசைத் தண்டித்தார்கள், உண்மை. அரிசிப் பஞ்சமும் சேர்ந்துகொண்டது. ஆனால் நம் நினைவில் பகையாகத் தங்கியது இந்திதான், துப்பாக்கி அல்ல.

பத்து வருஷம் கழித்து, 1975 ஜூனில், எமர்ஜென்ஸி. தி.மு.க. அரசு தொடக்கத்திலேயே எதிர்த்தது. 1976 ஜனவரி 31இல் கலைக்கப்பட்டது. கட்சிக்காரர்கள் மிசாவில் சிறை போனார்கள். சிறையில் அடிபட்ட சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். இன்னொரு 1965 நிகழவில்லை. அந்த மார்ச் தேர்தலில் உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளிலும் காங்கிரஸ் தோற்றது. தமிழ்நாட்டில் 39க்கு 34 இந்திரா காந்தியின் கூட்டணிக்குப் போயின. எம்.ஜி.ஆரின் ஈர்ப்பு, தி.மு.க. மீதான ஊழல் புகார்கள், கட்டாயக் கருத்தடை வடக்கைப்போல இங்கே வதைக்காதது என்று காரணங்கள் சொல்லலாம். எல்லாம் சரி, போதவில்லை.

நான் வங்கி குமாஸ்தா. எங்களுக்குப் பழக்கமான 1976ஆம் வருஷத்து ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் செல்லும். இந்த விலக்கு எமர்ஜென்ஸியின் நடுவே, மாநில ஆட்சியைக் கலைத்த சில மாதங்களில் தரப்பட்டது. அதே வருஷம் 42ஆவது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு எடுத்துப் போயிற்று. மொழி உயிர்வாழும் இடமே கல்வி. மொழியைத் தொடாத கை வேறு எதையும் தொடலாம் என்றாயிற்று.

ருஷ்யர்களுக்கு இந்தச் சௌகரியமும் இல்லை. 1833இல் உவாரவ் வைதீக மதம், எதேச்சாதிகாரம், தேசியம் மூன்றையும் ஒரே வாய்பாடாக்கினார். 1938இல் முகாமில் இறந்த மண்டல்ஸ்டாமின் மொழியில்தான் அவருக்கான தண்டனையும் எழுதப்பட்டது. அந்நிய மொழியைக் குற்றம்சாட்டி அங்கே தப்ப முடியாது.

குதிரை வாங்கத் தந்த பணத்தை மாணிக்கவாசகர் இந்தத் திருப்பெருந்துறையில் கோவிலுக்குச் செலவிட்டார் என்கிறது புராணம். அதற்காக அவரைச் சுடுவெயிலில் நிறுத்தியவன் பாண்டியன். தமிழ் வளர்த்த வம்சம் என்பதால் அவனை மன்னித்தே படிக்கிறோம். பிட்டுக்கு மண் சுமந்தவன்மேல் அவன் வீசிய பிரம்படி எல்லார் முதுகிலும், அவன் முதுகிலும், பட்டதாம். புராணத்தில்தான் அப்படி. சரித்திரத்தில் அடி ஒருவன் முதுகில் விழுகிறது. அடித்தவன் எந்த மொழியில் அதட்டினான் என்று மற்றவர்கள் விசாரித்துக்கொண்டு நிற்கிறோம்.