ஃபேனி மே, ஃப்ரெடி மேக்: எழுதப்படாத உத்தரவாதம்

அமெரிக்காவில் வீட்டுக்கடன் வாங்கியவர் மாதத் தவணையை ஒரு வங்கிக்குக் கட்டிவந்தாலும், கடன் அந்த வங்கியிடமே இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அது ஃபேனி மே அல்லது ஃப்ரெடி மேக்கின் கைக்குப் போயிருக்கக்கூடும். இவ்விரு நிறுவனங்களும் வீடு வாங்குபவருக்கு நேரடியாகக் கடன் கொடுப்பதில்லை. வங்கிகள் கொடுத்த கடன்களை வாங்கி, ஒன்றாகச் சேர்த்து, பத்திரங்களாக்கி முதலீட்டாளர்களுக்கு விற்கின்றன. கடன்காரர் தவணை தவறினாலும் பத்திரத்துக்குரிய பணம் வரும் என்று கட்டணம் வாங்கிக்கொண்டு உறுதி தருகின்றன. கடனை விற்ற வங்கி, அந்தப் பணத்தை அடுத்தவருக்குக் கடனாகக் கொடுக்கலாம். வட்டி மாறாத 30 ஆண்டுக் கடன் அமெரிக்காவில் எளிதாகக் கிடைப்பதற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம்.

பொருளாதாரப் பெருமந்தத்தில் வீட்டுக்கடன் முடங்கிப்போனபோது, ரூஸ்வெல்ட் ஆட்சியில் 1938-இல் ஃபேனி மே அரசு நிறுவனமாகத் தொடங்கப்பட்டது. அதன் கடன்சுமை அரசின் கணக்கில் சேராதிருக்க, 1968-இல் அது பங்குதாரர்களுக்குச் சொந்தமாக்கப்பட்டது. அதற்குப் போட்டியாக 1970-இல் ஃப்ரெடி மேக் உருவானது.

சிக்கல் இங்கேதான். இப்பத்திரங்களுக்கு அமெரிக்க அரசு பொறுப்பல்ல என்று பத்திரத்திலேயே அச்சிட்டிருந்தார்கள். ஆனால் யாரும் அதை நம்பவில்லை. மாநில வருமான வரி விலக்கு, கருவூலத்திலிருந்து அவசரக் கடன் பெறும் வசதி போன்ற சலுகைகளைப் பார்த்தவர்கள், 'ஆபத்து வந்தால் அரசு கைவிடாது' என்றே கணக்குப் போட்டார்கள். அதனால் இந்நிறுவனங்களுக்கு மலிவான வட்டியில் பணம் கிடைத்தது. லாபம் பங்குதாரர்களுக்குப் போயிற்று. 2008 வாக்கில் இரண்டும் சேர்ந்து சுமார் 5 லட்சம் கோடி டாலர் மதிப்புள்ள வீட்டுக்கடன்களை வைத்திருந்தன அல்லது அவற்றுக்கு உறுதி தந்திருந்தன. நட்டத்தைத் தாங்கும் மூலதனமோ மிகச் சொற்பம்.

வீட்டு விலைகள் சரிந்ததும் மூலதனம் கரைந்தது. 2008 செப்டம்பரில் அரசு இரண்டின் நிர்வாகத்தையும் ஏற்றது. கருவூலம் கொடுத்த பணம் ஏறத்தாழ 19,000 கோடி டாலர். பிற்பாடு இரண்டும் லாபம் ஈட்டி, அதைவிடக் கூடுதலான தொகையை ஈவுத்தொகையாக அரசுக்குச் செலுத்தின. ஆயினும் தற்காலிகம் என்று சொல்லப்பட்ட அந்தப் பொறுப்பு 15 ஆண்டுகள் கடந்தும் முடிவுக்கு வரவில்லை.

எழுதித் தராத உத்தரவாதத்துக்கு அரசு கட்டணம் கேட்கவில்லை. ஆனால் கெடு வந்தபோது அதை நிறைவேற்றியது வரி செலுத்துவோரின் பணம்தான்.