எலும்பு முறிவும் உயிர்ப்புப் பயிற்சியும்: ஹேமசந்திராச்சாரியார் வகுத்த எல்லை

உணவு, மருந்து, சாத்திரம், அபயம் எனத் தானங்களை நான்காக வகுத்தது சமணம். நோயுற்றாரின் துயர் துடைத்தலும் அறமே எனக் கொண்டமையால், ஔஷததானம் உணவுக் கொடைக்கு இணையாக வைக்கப்பெற்றது. பதினான்கு பூர்வங்களுள் பன்னிரண்டாவதான பிராணாவாயம் மருத்துவத்தைக் கூறுவது என்பது நம் மரபு. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் உக்கிராதித்தியர் வடமொழியில் இயற்றிய கல்யாணகாரகம் அம்மரபில் வந்ததே. மருந்திலும் புலால் வேண்டா என்று அது வாதிடுகிறது. தமிழகத்திலோ, கணிமேதாவியாரும் காரியாசானும் தம் அறநூல்களுக்கு ஏலாதி, சிறுபஞ்சமூலம் என மருந்துப் பெயர்களையே சூட்டினர்.

மருந்தோடு நில்லாமல், உயிர்ப்புக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பையும் சமண ஆச்சாரியர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் ஒருவர் 12ஆம் நூற்றாண்டில் கூர்ச்சரத்தில் வாழ்ந்த சுவேதாம்பரத் துறவி ஹேமசந்திரர். சோலங்கி மன்னர் குமாரபாலரின் வேண்டுகோளுக்கிணங்க அவர் இயற்றிய யோகசாத்திரம் 12 பிரகாசங்களை உடையது. அதன் ஐந்தாம் பிரகாசம் பிராணன், அபானன், சமானன், உதானன், வியானன் என்னும் ஐவகைக் காற்றுகளின் இருப்பிடத்தையும் அவற்றை அடக்கும் முறையையும் விரித்துரைக்கிறது. சமானனையும் அபானனையும் வென்றவனுக்குப் புண்ணும் முறிவும் கூடும், பசித்தீ வளரும், பிணி நீங்கும் என்பது அதில் வரும் கருத்து. நோயுள்ள இடத்தில் காற்றை நிறுத்தி அதனைத் தணிக்கலாம் என்றும் அந்நூல் கூறுகிறது.

இம்மட்டோடு நூலை மூடிவைப்போர் பாதியையே கற்றவராவர். அடுத்த பிரகாசத்திலேயே ஆச்சாரியர் எல்லை வகுக்கிறார். மூச்சை வலிந்து அடக்கினால் உடல் வருந்தும். உடல் வருந்த மனம் கலங்கும். ஆதலின் பிராணாயாமம் வீடுபேற்றுக்குத் தடையாகும் என்பது அவர் துணிபு. திகம்பரராகிய சுபசந்திரர் தம் ஞானார்ணவத்தில் பிராணாயாமத்தை விரித்துரைத்த பின்னர், பிரத்தியாகாரமே மேலானது எனக் காட்டுவதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

இவ்வெல்லை இன்றைக்கும் பொருந்துவது. இல்லத்து முதியவர் ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், விலகிய எலும்பை நேர்செய்து அசையாமல் நிறுத்துவது மருத்துவரின் கடன். மூச்சு அதனைச் செய்யாது. முறிந்த இடத்தில் குருதி உறைந்து, மென்திசு தோன்றி, அது எலும்பாக இறுகப் பல வாரங்கள் செல்லும். அந்நாள்களில்தான் உயிர்ப்புப் பயிற்சி துணையாகிறது. ஆழ்ந்து மெல்ல மூச்சு விடுதல், படுக்கையிற் கிடப்போரின் நுரையீரலில் சளி தேங்காமல் காக்கும். வலியின் அச்சத்தையும் தணிக்கும். மருத்துவர் இசைவுடன் முறிவில்லாத மூட்டுகளை அசைத்துவரின் தசை நலியாது. மூச்சை நெடுநேரம் அடக்குதலோ, முறிந்த உறுப்பை ஆசனத்திற்கு வளைத்தலோ ஆகாது.

நோயுற்ற துறவியர்க்குப் பணிவிடை செய்யும் வையாவிருத்தியத்தை அகத்தவம் ஆறனுள் ஒன்றாக வைத்தனர் நம் முன்னோர். கட்டுப் போட்டுக் கிடக்கும் முதியவர் அருகமர்ந்து, அவரோடு மெல்ல மூச்செண்ணி, வேளைக்கு மருந்தளிக்கும் இளையோர் செய்வதும் அவ்வழிப்பட்ட அறமே. முன்னோர் நூல்களை முழுமையாகக் கற்போம். மருத்துவத்தையும் பயிற்சியையும் அவையவை நிற்கவேண்டிய இடத்தில் நிறுத்திப் பயன்கொள்வோம்.