காடு என்பது வீண்நிலமா?

நடுவர் அவர்களே! "காடுன்னா என்னங்கய்யா? வெட்டித் திருத்தாம விட்ட வீண்நிலம்!" என்று எதிரணி நண்பர் அடித்துப் பேசினார். அந்தச் சொல்லையே கூப்பிட்டு விசாரிப்போமே!

கொங்கு நாட்டில் ஒரு பிள்ளையிடம், "அப்பா எங்க கண்ணு?" என்று கேளுங்கள். "காட்டுக்குப் போயிருக்காருங்க" என்னும். புலி வேட்டைக்குப் போயிட்டாரோன்னு பயந்துடாதீங்க! (சிரிப்பு) சோளத்துக்குக் களை எடுக்கப் போயிருக்கிறார். அங்கே மானாவாரி நிலத்துக்குக் காடு என்றுதான் பெயர். மரம் போய் ஏர் வந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

ஊர்ப்பெயரைப் பாருங்கள். திருவாலங்காடு, திருமறைக்காடு. திருமறைக்காட்டை வடமொழியில் வேதாரண்யம் ஆக்கினார்கள். அப்போதும் ஆரண்யம், அதாவது காடு, கூடவே வந்துவிட்டது!

சங்கத் தமிழில் புதிதாகத் திருத்திய கொல்லைக்கு 'இதை' என்று பெயர். நெடுநாள் உழுத கொல்லைக்கு 'முதை' என்று பெயர். காடு எப்போது வயலானது என்பதற்குக்கூடத் தனிச்சொல் வைத்திருந்தான் தமிழன். பட்டினப்பாலையில் கரிகாலன் காட்டை நாடாக்கியதைப் பாடும் உருத்திரங்கண்ணனார், காட்டைக் 'கொன்று' என்கிறார். உயிர் உள்ளதைத்தானே ஐயா கொல்ல முடியும்? (கைதட்டல்) அதோடு விடவில்லை. அவன் குளம் தோண்டி வளம் பெருக்கியதையும் சேர்த்தே சொல்கிறார்.

"பழங்கதை பேசுறீங்களே" என்பீர்கள். சரி, நீலகிரிக் கூடலூருக்கு வாருங்கள். அங்கே மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து, நிலம்பூர்க் கோவிலகத்துக் கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12-இல் நீதிமன்றம் என்ன சொன்னது? நிலம் யாருக்குச் சொந்தமாக இருந்தாலும், அகராதிப் பொருளில் எது காடோ, அதுவும் காடுதான். மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் வேறு வேலைக்குத் திருப்பக் கூடாது!

அகராதி, ஐயா! வீட்டில் தூசி படிந்து கிடக்குமே, அந்தப் புத்தகம் மரத்துக்குக் காவல் நின்றது! (பலத்த கைதட்டல்) 2023-இல் சட்டத்தைத் திருத்தி, அரசுப் பதிவேட்டில் ஏறிய காடுகளோடு அந்தப் பொருளைச் சுருக்கினார்கள். 2024 பிப்ரவரி 19-இல் உச்ச நீதிமன்றம், இப்போதைக்கு அகராதிப் பொருளையே பின்பற்றுங்கள் என்று இடைக்கால உத்தரவு போட்டது.

காகிதத்தில் ஒரு சொல்லைச் சுருக்கினால் மலையில் மரம் சாயும், நடுவர் அவர்களே. அதனால், காட்டை வீண்நிலம் என்று சொல்வதை முதலில் நிறுத்தச் சொல்லித் தீர்ப்புத் தாருங்கள்.