சமூகவியல் துறை ஆசிரியர் நியமனம் (இந்தியா)

இந்தியப் பல்கலைக்கழகங்களின் சமூகவியல் துறைகளில் உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என மூன்று நிலைகளில் ஆசிரியர்கள் நியமிக்கப்படுகிறார்கள். இதற்கான முறையைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018ஆம் ஆண்டு நெறிமுறைகளும், இடஒதுக்கீட்டுச் சட்டங்களும், அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விதிகளும் வகுக்கின்றன. சாதி, குடும்பம், உழைப்பு, மதம் ஆகியவற்றில் எது ஆராயப்படும், எது தொடப்படாமல் கிடக்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பவை இந்த நியமனங்களே. ஆறேழு பேர் மட்டுமே உள்ள துறையில் புதிதாக ஒருவர் சேர்ந்தால் அடுத்த முப்பது ஆண்டுப் பாடத்திட்டத்தில் அவர் கை இருக்கும்.

தொடக்ககால நியமனங்கள்

பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1919இல் சமூகவியல் துறையைத் தொடங்கியபோது, அத்துறையிலேயே பட்டம் பெற்றவரைத் தேடிப் பிடிக்க வழியில்லை. முதல் தலைவராக வந்த பாட்ரிக் கெடிஸ், ஸ்காட்லாந்தின் டண்டியில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர். 1914-15இல் சென்னை மாகாண நகரங்களைச் சுற்றிப் பார்த்து நகரமைப்பு அறிக்கைகள் எழுதியவர். அவருக்குப் பின் 1924இல் பொறுப்பேற்ற ஜி. எஸ். குர்யே சமஸ்கிருத மாணவர். பல்கலைக்கழகம் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பியது. கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியதும் பணியில் அமர்த்தியது. லக்னோவில் 1921இல் சேர்ந்த ராதாகமல் முகர்ஜி பொருளியலாளர். அங்கே பொருளியலும் சமூகவியலும் ஒரே துறையாக இருந்தன.

ஒரு துறையை ஆள் சேர்ப்பால் கட்டியெழுப்பியதற்குத் தெளிவான சான்று டெல்லி. டெல்லி பொருளியல் பள்ளியை நிறுவிய வி. கே. ஆர். வி. ராவ், பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தபோது, பரோடாவில் பணியாற்றிய எம். என். சீனிவாஸை அழைத்தார். 1959இல் சமூகவியல் துறை தொடங்கியது. அதே ஆண்டு விரிவுரையாளராகச் சேர்ந்த ஆந்த்ரே பெத்தேல் கல்கத்தாவில் மானிடவியல் படித்தவர். அப்போது அவரிடம் முனைவர் பட்டம் இல்லை. பணியில் இருந்துகொண்டே தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கிக் களஆய்வு செய்தார். சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் பிரிந்துவரும் விதத்தை விளக்கும் அந்த ஆய்வு 1965இல் நூலாக வந்தது. சீனிவாஸ் வகுத்த நடைமுறையில் களஆய்வுதான் ஆசிரியரின் முதன்மைத் தகுதி. யுஜிசி 1968இல் இத்துறையை உயர்நிலை ஆய்வு மையமாக ஏற்றது.

இன்றைய தகுதிகள்

உதவிப் பேராசிரியர் பதவிக்கு முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும், நெட், செட் போன்ற தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு மதிப்பெண்ணில் 5 விழுக்காடு தளர்வு உண்டு. உரிய நெறிமுறைப்படி முனைவர் பட்டம் பெற்றவர்களுக்குத் தகுதித் தேர்விலிருந்து 2018 நெறிமுறை விலக்கு அளித்தது. பல்கலைக்கழகப் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்ற விதி 2021 ஜூலையில் அமலாக இருந்து, 2023 வரை தள்ளிவைக்கப்பட்டு, பின் கைவிடப்பட்டது. இணைப் பேராசிரியருக்கு முனைவர் பட்டத்தோடு 8 ஆண்டு அனுபவமும் 7 ஆய்வு வெளியீடுகளும், பேராசிரியருக்கு 10 ஆண்டு அனுபவமும் 10 வெளியீடுகளும் தேவை. ஏழாவது ஊதியக் குழுவின்படி இம்மூன்று நிலைகளின் தொடக்க அடிப்படை ஊதியம் முறையே ரூ. 57,700, ரூ. 1,31,400, ரூ. 1,44,200.

முதுகலைப் பட்டம் அதே பாடத்திலோ தொடர்புடைய பாடத்திலோ இருக்கலாம் என்கிறது நெறிமுறை. எது தொடர்புடைய பாடம் என்பதில்தான் சிக்கல். மானிடவியல், சமூகப்பணி, வளர்ச்சி ஆய்வு, மகளிரியல் படித்தவர்களை ஒரு பல்கலைக்கழகம் ஏற்கும், இன்னொன்று விண்ணப்ப நிலையிலேயே நீக்கிவிடும். துறையை உருவாக்கியவர்கள் பலர் வேறு பாடங்களிலிருந்து வந்தவர்கள் என்பதால், விளம்பரத்தில் இந்தச் சொற்றொடரைக் குறுக்கி எழுதுவது இத்துறைக்கு உண்மையான இழப்பு.

நேர்காணலுக்கு அழைப்போரை வடிகட்டும் மதிப்பெண் பட்டியலில் முனைவர் பட்டத்துக்கு 30, ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) உடன் நெட் தேர்ச்சிக்கு 7, ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்கு 2 வீதம் அதிகபட்சம் 10 எனக் கணக்கு உள்ளது. ஓராண்டுக்கு மேல் ஒரு ஊரில் தங்கி எழுதிய கட்டுரையும், வினாத்தாள் அனுப்பிச் சில வாரங்களில் முடித்த கட்டுரையும் இங்கே ஒரே எடைதான். வடிகட்டிய பின் இந்த மதிப்பெண் கணக்கில் வராது. நேர்காணல்தான் முடிவு செய்யும்.

தேர்வுக் குழு

துணைவேந்தரோ அவர் நியமிக்கும் மூத்த பேராசிரியரோ குழுவுக்குத் தலைவர். வேந்தரின் (மத்தியப் பல்கலைக்கழகங்களில் குடியரசுத் தலைவரின்) சார்பாளர் ஒருவர், வெளியிலிருந்து வரும் பாட வல்லுநர் மூவர், புலத் தலைவர், துறைத்தலைவர் ஆகியோர் உறுப்பினர்கள். குறைந்தது நால்வர் இருக்க வேண்டும். அவர்களில் இருவர் வெளி வல்லுநர்கள். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகிய பிரிவினர் விண்ணப்பித்திருந்து, குழுவில் அப்பிரிவினர் எவரும் இல்லையென்றால், அவர்கள் சார்பில் கல்வியாளர் ஒருவரைச் சேர்க்க வேண்டும்.

இடஒதுக்கீடும் சுழற்சிப் பட்டியலும்

எந்த வரிசையிலுள்ள பணியிடம் எந்தப் பிரிவுக்கு என்று காட்டும், ரோஸ்டர் எனப்படும் சுழற்சிப் பட்டியலில் 4ஆம் இடம் பிற்படுத்தப்பட்டோருக்கும், 7ஆம் இடம் பட்டியல் சாதியினருக்கும், 14ஆம் இடம் பழங்குடியினருக்கும் முதலில் வரும். பல்கலைக்கழகம் முழுவதையும் ஓர் அலகாகக் கொண்டு 200 புள்ளிப் பட்டியலைப் பின்பற்றியபோது பணியிடங்கள் ஒன்றுசேர்ந்து எல்லாப் பிரிவுக்கும் பங்கு கிடைத்தது. துறைதான் அலகு என்று 2017 ஏப்ரலில் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018 மார்ச்சில் யுஜிசி அதைப் பின்பற்றி ஆணையிட்டது.

சமூகவியல் போன்ற சிறு துறைக்கு இதன் விளைவு கடுமையானது. 1 பேராசிரியர், 2 இணைப் பேராசிரியர், 4 உதவிப் பேராசிரியர் என்ற அமைப்பில் ஒவ்வொரு நிலைக்கும் தனிச் சுழற்சி. அதன்படி நான்காவது உதவிப் பேராசிரியர் இடம் மட்டும் பிற்படுத்தப்பட்டோருக்குப் போகும். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முதல் நியமனங்களில் ஒன்றுமில்லை. ஒருவர் ஓய்வுபெற்று அடுத்தவர் வரும்போதுதான் சுழற்சி நகரும் என்பதால் காத்திருப்பு பல்லாண்டு நீளும். தீண்டாமையையும் பழங்குடி நில இழப்பையும் பாடமாக நடத்தும் துறையில் அவற்றை வாழ்ந்தறிந்த ஒருவரும் இல்லாமற்போவது அநீதி மட்டுமல்ல, அறிவு நோக்கிலும் பெருங்குறை.

அலகாபாத் தீர்ப்பை எதிர்த்த மேல்முறையீட்டை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நாடெங்கும் ஆசிரியர்கள் போராடினர். அவ்வாண்டு மார்ச்சில் அவசரச் சட்டமும், ஜூலையில் மத்தியக் கல்வி நிறுவன ஆசிரியர் பணியிட இடஒதுக்கீட்டுச் சட்டமும் வந்து, நிறுவனத்தையே மீண்டும் அலகாக்கின. தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்கள் மாநிலத்தின் 69 விழுக்காடு ஒதுக்கீட்டை இனச்சுழற்சி முறையில் பின்பற்றுகின்றன.

ஒதுக்கிய இடத்துக்குத் தகுந்தவர் கிடைக்கவில்லை என்று குழு எழுதி வைப்பது இன்றும் தொடரும் புகார். விதிவிலக்கான நிலையில் அத்தகைய இடங்களைப் பொதுப்பிரிவுக்கு மாற்ற இடமளித்த யுஜிசி வரைவு ஒன்று 2024 ஜனவரியில் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. 2019 சட்டத்துக்குப் பின் அப்படி மாற்ற முடியாது என மத்தியக் கல்வி அமைச்சகம் விளக்கமளித்தது. நிரம்பாத இடங்களை ஒதுக்கிய பிரிவுக்கே மறுபடியும் விளம்பரம் செய்து நிரப்ப வேண்டும்.